வீதியின் விளிம்பில் செல்வோர்: நெடுஞ்சாலைத் திட்டங்களில் பாதசாரிகளுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் உரிய இடம்

(நிலாவெளியில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

ஒரு நெடுஞ்சாலை புதிதாக அமைக்கப்படும்போதும், இருக்கின்ற வீதி அகலப்படுத்தப்பட்டுப் புனரமைக்கப்படும்போதும், அதில் நடந்து செல்வோருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் உரிய இடம் முதல் வரைபடத்திலேயே குறிக்கப்பட வேண்டும். அவ்விடத்தை விலக்க நேருமாயின், விலக்கியதற்கான காரணத்தை எழுத்தில் தந்து பொறுப்பேற்க வேண்டியவர் திட்டத்தை வகுத்தவரேயன்றி, வசதி கேட்டு மனுக் கொடுக்கும் ஊரவர் அல்லர். இச்சொற்பொழிவு எடுத்துரைக்க விழைவது இந்த ஒரு கருத்தையே. உலகின் சில பகுதிகளில் அரை நூற்றாண்டுக்கு முன்பே சட்டத்தில் ஏறிவிட்ட இக்கருத்து, இலங்கையில் இன்றுவரை பொறியியலாளரின் நல்லெண்ணத்தையும் திட்டத்தில் மிஞ்சும் பணத்தையும் நம்பியே நிற்கிறது என்பதால், அதனை நிலாவெளி மக்கள் நாள்தோறும் பயன்படுத்தும் வீதியை முன்வைத்தே ஆராய்வது பொருத்தமாகும்.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்படும் புல்மோட்டை வீதி, உப்புவெளி, சாம்பல்தீவு ஆகிய ஊர்களைக் கடந்து ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தொலைவில் நிலாவெளியை அடைந்து, அங்கிருந்து இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி வழியாகக் கரையை ஒட்டியே நீள்கிறது. அரச பதிவுகளில் ‘பி 424’ எனக் குறிக்கப்படும் இவ்வீதி ஒரு தேசிய வீதியாகும். இலங்கையில் ஏ, பி வகுப்பு வீதிகள் 1981ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பிலும், சி, டி வகுப்பு வீதிகள் மாகாண சபைகளின் பொறுப்பிலும், எஞ்சிய ஊர் வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் உள்ளூராட்சிச் சபைகளின் பொறுப்பிலும் இருக்கின்றன. ஆகவே நிலாவெளியின் நடுவே ஓடும் பிரதான வீதியில் ஒரு நடைபாதை அமைக்க, ஊர் மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் குச்சவெளி பிரதேச சபைக்குத் தானாக அதிகாரம் இல்லை. வீதியைத் திட்டமிடுபவர்களோ அவ்வூரில் வாழ்பவர்கள் அல்லர். இந்த இடைவெளியே பின்னர் சொல்லப்படும் பல குறைகளுக்கு வேராக அமைகிறது.

கடலுக்கும் உப்புக் களப்புகளுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் ஓடுவதால், இவ்வீதிக்கு இணையாகச் செல்லும் வேறொரு பெருவீதி இல்லை. புல்மோட்டைக் கனிய மணலோடு தொடர்புடைய பார வண்டிகளும், திருகோணமலைக்கும் வடக்கேயுள்ள ஊர்களுக்கும் இடையே ஓடும் பஸ்களும், புறாத்தீவுக்கும் கடற்கரை விடுதிகளுக்கும் வரும் சுற்றுலா வான்களும் எந்தப் பரப்பில் விரைகின்றனவோ, அதே பரப்பின் விளிம்பில்தான் பள்ளிப் பிள்ளைகள் நடக்கிறார்கள். பின்னிருக்கையில் மீன்பெட்டி கட்டிய சைக்கிளோடு வியாபாரிகள் விடியற்காலையில் ஊர் ஊராகப் போகிறார்கள். விடுதிகளில் வேலை முடித்தவர்கள் இருட்டிய பின் சைக்கிளில் வீடு திரும்புகிறார்கள். கிழக்குக் கரையில் 2004 டிசம்பர் 26ஆம் திகதிய சுனாமிக்குப் பின்னர் கரையை விட்டு உள்வாங்கிக் குடியேறிய குடும்பங்களில், கடலை நம்பி வாழ்வோர் வீதியைக் குறுக்கே கடந்தே தொழிலுக்குப் போக வேண்டியுள்ளது. ஆக, ஊரூடாகச் செல்லும் ஒரு தேசிய வீதி இரண்டு வேலைகளைச் செய்கிறது: தூரத்து ஊர்களை இணைப்பது ஒன்று, ஓர் ஊரின் வீட்டையும் பள்ளியையும் கடையையும் கோயிலையும் பள்ளிவாசலையும் இணைப்பது மற்றொன்று. மதிப்பீடுகளில் முதல் வேலை மட்டுமே அளக்கப்படுகிறது. வீதித் திட்டத்துக்கு முன் எடுக்கப்படும் போக்குவரத்துக் கணக்கெடுப்பில் லொறியும் பஸ்ஸும் காரும் முச்சக்கர வண்டியும் நுணுக்கமாக வகைப்படுத்தப்படுமளவுக்கு, நடந்து சென்றவர்களும், குறிப்பாக வீதியைக் குறுக்கே கடந்தவர்களும் கவனிக்கப்படுவதில்லை. எண்ணப்படாதவருக்கு இடம் ஒதுக்கப்படாதது அதன் நேரான விளைவு.

போர் முடிந்த 2009க்குப் பின் கிழக்கின் வீதிகள் பெருமளவில் புனரமைக்கப்பட்டன. குண்டும் குழியுமாகக் கிடந்த வீதிகள் மக்கள் ‘காப்பெற்’ என்று சொல்லும் சீரான தார்க் கலவைப் பரப்பைப் பெற்றதால் நோயாளிகள் மருத்துவமனையை விரைவில் அடைந்தனர், விளைபொருள் சந்தைக்கு வாடாமல் போனது, பஸ் சேவை நிலைபெற்றது. இந்நன்மைகளைக் குறைத்து மதிப்பிட இடமில்லை. ஆனால் அதே காப்பெற், வீதியின் விளிம்பில் செல்வோருக்கு ஒரு புதிய இடரையும் கொண்டுவந்தது. வண்டிகள் ஓடும் பரப்பின் மேல் ஒவ்வொரு முறையும் ஒரு படை தார்க் கலவை இடப்படும்போது வீதி சில அங்குலம் உயர்கிறது. இரு மருங்கிலும் உள்ள மண் ஓரமோ கிராவல் நிரப்பி ஒப்பேற்றப்படுகிறது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை அந்தக் கிராவலை அரித்துக்கொண்டு போக, தார்ப் பரப்பின் விளிம்பு செங்குத்தான ஒரு படியாக எஞ்சுகிறது. பின்னால் பஸ் ஒலியெழுப்பும்போது மண்ணில் இறங்கும் சைக்கிளோட்டி, பஸ் கடந்த பின் மீண்டும் மேலேற முயல்கையில், முன்சில்லு அந்தப் படியில் சாய்வாக உரசி அடுத்த வண்டியின் முன்னே வீழ்த்திவிடக்கூடும். மீன்பெட்டியின் பாரம் பின்னால் இருக்கும்போது முன்சில்லு இலேசாகிக் கைப்பிடி ஆடுவதால் இந்த இடர் இன்னும் கூடுகிறது. விபத்துப் பதிவேட்டில் இது சைக்கிளோட்டி திடீரெனத் திரும்பியதால் நேர்ந்தது என்று எழுதப்படுமேயொழிய, நான்கு அங்குலப் படியொன்றை விட்டுச்சென்ற நிர்மாணக் குறை என்று எழுதப்படுவது அரிது.

வேகத்தின் கணக்கையும் இவ்விடத்தில் பார்த்தல் வேண்டும். இலங்கைச் சட்டப்படி ஊர்ப் பகுதிகளில் மணிக்கு 50 கிலோமீற்றரும், அதற்கு வெளியே 70 கிலோமீற்றரும் பொதுவான வேக எல்லைகளாகும். ஏழு மீற்றர் அகலமான இருதட வீதியை, விநாடிக்கு 1.2 மீற்றர் என்ற வழமையான நடைவேகத்தில் கடக்க ஏறத்தாழ 6 விநாடிகள் தேவை; அந்த 6 விநாடிகளில் 70 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி 115 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். மெதுவாக நடக்கும் முதியவருக்கு 9 விநாடிகள் எடுக்குமாயின், அவர் காலெடுத்து வைக்கும்போது வண்டி 170 மீற்றருக்கு அப்பால் இருக்க வேண்டும். இரவில் தாழ்த்திய முன்விளக்கின் ஒளி 50 மீற்றர் அளவுக்கே ஒருவரைத் தெளிவாகக் காட்டும் என்று கொண்டால், சாரதி ஆபத்தை உணர்ந்து தடுப்பை மிதிக்கும் ஒன்றரை விநாடியையும் சேர்த்து, உலர்ந்த வீதியில் 70 கிலோமீற்றர் வேகத்திலிருந்து வண்டி நிற்க ஏறத்தாழ 55 மீற்றர் பிடிக்கும். 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 35 மீற்றர் போதும். முதல் நிலையில் சாரதி கண்டும் நிறுத்த முடியாது. இரண்டாம் நிலையில் நிறுத்த முடியும். மோதலின் வலிமை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவதால், 50க்கும் 70க்கும் இடைப்பட்ட வேறுபாடு மோதலின் ஆற்றலை ஏறக்குறைய இருமடங்காக்குகிறது. காப்பெற் இட்டு வேகத்தைக் கூட்டுகின்ற ஒரு திட்டம், அந்த வேகத்துக்கு முன்னால் நிற்பவருக்கான பாதுகாப்பையும் தன் செலவிலேயே செய்து முடிக்கக் கடமைப்பட்டது என்ற வாதத்துக்கு இக்கணக்கே அடிப்படை.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை, உலகெங்கும் ஆண்டுக்கு 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துகளில் இறப்பதாகவும், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நடந்து செல்வோர், சைக்கிளோட்டிகள், மோட்டார் சைக்கிளில் செல்வோர் ஆகியோரே என்றும் கூறுகிறது. இலங்கையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 38,000 விபத்துகளில் 3,000 பேரளவில் இறப்பதாகவும் 8,000 பேர் கடுங்காயமடைவதாகவும் உலக வங்கி 2020இல் வெளியிட்ட ஆய்வு கணித்தது. யுத்தமோ தொற்றுநோயோ இல்லாத ஓர் ஆண்டில், ஒரு சிறிய ஊரின் சனத்தொகையளவு மக்கள் வீதியில் மடிவதை வழமையாக ஏற்றுக்கொள்ள ஒரு நாடு பழகிவிடலாகாது.

ஊரூடாகச் செல்லும் நெடுஞ்சாலையில் வேண்டப்படும் வசதிகள் அரிய தொழில்நுட்பம் எதையும் கோருவன அல்ல. வீடுகள் அடர்ந்த பகுதிக்கு வெளியே முதன்மையானது தார் இட்ட வீதியோரம்; அதாவது, வண்டிகள் ஓடும் பரப்பின் இரு விளிம்புகளிலும், அதே மட்டத்தில், அதே அழுத்தத்துடன் உருட்டி இறுக்கிய தளத்தின் மேல், ஒரு வெள்ளைக் கோட்டால் பிரித்துக் காட்டப்பட்ட பட்டை. ஒரு சைக்கிளோட்டி ஆடாமல் செல்ல ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலமும், கடந்து செல்லும் வண்டியின் காற்றழுத்தத்துக்கு ஒதுங்க மேலும் சிறிது இடமும் தேவைப்படுவதால், அப்பட்டை ஒன்றரை மீற்றராவது இருத்தல் நன்று. அது வீதிக்கும் நன்மை தருகிறது: தார்ப் பரப்பின் விளிம்பு உடைவதும், மழைநீர் அடித்தளத்துள் இறங்குவதும் அதனால் குறைகின்றன. வீடுகளும் கடைகளும் நெருங்கிய பகுதியில் வீதியோரம் மட்டும் போதாது. உயர்த்திய நடைபாதை வேண்டும். இந்திய வீதிகள் பேரவையின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி, தடையேதுமற்ற 1.8 மீற்றர் அகலத்தையும் 2.2 மீற்றர் உயரத்தையும் நடைபாதைக்கான குறைந்த அளவாக வகுத்து, விளிம்புக்கல் 150 மில்லிமீற்றருக்கு மேல் உயரக் கூடாது என்கிறது. அகலத்தைவிட முக்கியமான சொல் ‘தடையேதுமற்ற’ என்பதே. வரைபடத்தில் இரண்டு மீற்றராக இருக்கும் நடைபாதையின் நடுவே மின்கம்பமும், மூடி உடைந்த கானும், ஒவ்வொரு வளவு வாசலிலும் சரிந்து எழும் சீமெந்துச் சாய்வும் வந்துவிட்டால், சக்கர நாற்காலியில் இருப்பவரும் பிள்ளையைத் தூக்கிய தாயும் மீண்டும் வீதிக்கே இறங்க வேண்டியதாகிறது. அணுகுவசதி ஒரு சலுகையன்று. வலுவிழந்தோரின் உரிமைகளைக் காக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகள் அதனை இந்நாட்டில் உரிமையாக்கியுள்ளன.

மதகுகளிலும் பாலங்களிலும் இந்தக் குறை மிகக் கூர்மையாகத் தெரிகிறது. இரு புறமும் ஓரளவு அகலமாக வரும் வீதியோரம், ஒரு பழைய மதகின் கைப்பிடிச் சுவரை அடையும்போது அறவே இல்லாமற்போய், நடப்பவரும் சைக்கிளோட்டியும் லொறியும் ஒரே கணத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். காப்பெற் வேலையின்போது மதகை நீட்டாமல் விடுவது செலவைக் குறைக்கும் எளிய வழியாகக் கருதப்படுகிறது. உண்மையில் அது வீதியின் மிக ஆபத்தான சில மீற்றர்களை அடுத்த இருபது ஆண்டுகளுக்கு நிலைநிறுத்திவிடுகிறது. பாலத்தில் இத்தவறு இரண்டு தலைமுறைக்கு நீடிக்கும். 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம், ஒரு பாலம் மக்கள் வாழ்வை எவ்வளவு மாற்றும் என்பதை இம்மாவட்டத்துக்கு உணர்த்தியது. அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணி, ஒரு பாலம் கட்டப்படும் காலத்தில் நடப்பவரை மறந்தால் என்ன நேரும் என்பதை உணர்த்தியது.

குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் அமைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, மக்களை அக்கரைக்கு ஏற்றிச்சென்ற இழுவைப் படகுப் பாதை 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை கவிழ்ந்தது. பள்ளி நேரம் அது. மாணவர்கள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தனர். பின்னரும் உயிரிழப்புகள் தொடர்ந்தன. இந்நிகழ்வைப் படகின் தரம், உரிமம், ஏற்றிய ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றோடு மட்டும் நிறுத்திக்கொள்வது போதாது. நிர்மாண காலத்தில் வண்டிகளுக்குச் சுற்றுவழி காட்டப்பட்டால் மோட்டார் வாகனம் உள்ளவர் சில கிலோமீற்றர் கூடுதலாக ஓடி அக்கரை சேர்வார்; காலை ஏழரை மணிக்குள் பள்ளியில் நிற்க வேண்டிய பிள்ளைக்கு அந்தச் சுற்றுவழி வழியே அன்று. பழைய பாலத்தில் கைவைக்கும் முன்னர், நடந்து செல்வோருக்கான பாதுகாப்பான தற்காலிகப் பாலமொன்று ஒப்பந்தத்தின் அளவுப் பட்டியலில், அதாவது வேலையின் ஒவ்வொரு கூறும் அளவோடும் விலையோடும் எழுதப்படும் ஆவணத்தில், தனி உருப்படியாக இடம்பெற வேண்டும். அப்பட்டியலில் விலை குறிக்கப்படாத எந்த வேலையையும் ஒப்பந்தகாரர் செய்யமாட்டார் என்பது இத்துறையினர் யாவரும் அறிந்தது. குறிஞ்சாக்கேணியில் இறந்த பிள்ளைகளின் பெயரால் இந்நாட்டில் ஒரு விதியேனும் மாற வேண்டுமாயின், அது இந்த விதியாகவே இருக்க வேண்டும்.

இவ்வாறான கட்டாயம் சட்டத்தால் இயலுமா என்ற கேள்விக்கு ஐக்கிய அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 1971இல் விடையளித்தது. சட்டமன்ற உறுப்பினர் டொன் ஸ்டேதோஸ் முன்மொழிய, ஆளுநர் ரொம் மெக்கோல் கையொப்பமிட்ட அச்சட்டம், நெடுஞ்சாலையோ வீதியோ அமைக்கப்படும்போதும், மீளமைக்கப்படும்போதும், இடம் மாற்றப்படும்போதும் நடைபாதையும் சைக்கிள் பாதையும் அமைக்கப்பட வேண்டும் என்றும், மாநில நெடுஞ்சாலை நிதியில் குறைந்தது ஒரு சதவீதம் அதற்குச் செலவிடப்பட வேண்டும் என்றும் விதித்தது. பொதுப் பாதுகாப்புக்கு முரணாகும் இடம், தேவைக்குப் பொருந்தாத அளவு செலவேறும் இடம், மக்கள் அருகி வாழ்வதால் தேவையே எழாத இடம் ஆகிய மூன்று விலக்குகளை மட்டுமே அது ஏற்றது. ஒரு சதவீதத்தைச் செலவிட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று போர்ட்லண்ட் மாநகரம் வாதிட்டபோது, ஒரு சதவீதம் என்பது தரைமட்டமேயன்றிக் கூரையன்று, ஒவ்வொரு நிர்மாணத்திலும் வசதி செய்யப்பட வேண்டும் என்ற பொருள்பட 1995இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. பின்னர் 2000ஆம் ஆண்டில் வெளியான அந்நாட்டு மத்திய அரசின் வழிகாட்டல், முழுத் திட்டச் செலவில் 20 சதவீதத்தை மிஞ்சும்போதே செலவு அளவுகடந்தது எனக் கொள்ளலாம் என்று வரையறுத்தது. இச்சட்டத்தின் வலிமை, கேட்டால் தரலாம் என்ற நிலையை மாற்றி, தராவிட்டால் காரணம் சொல் என்ற நிலையை உண்டாக்கியதில் இருக்கிறது.

தமிழகத்தில் சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் சாராப் போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்றுக்கொண்டு, 2019இல் பாண்டி பஜாரை நடப்போருக்கான வீதியாகத் திருத்தியமைத்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில், இடையூறற்ற நடைபாதை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறியது. இலங்கையில் 2008ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கத் தேசியப் பெருந்தெருக்கள் சட்டம் வீதிகளைத் திட்டமிடுவது, வடிவமைப்பது, அமைப்பது, பேணுவது ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்கிறது. வீதி அபிவிருத்தி அதிகார சபையின் வடிவமைப்பு நியமங்களும் உள்ளன. குறைவது அறிவன்று. ஒவ்வொரு திட்டத்திலும் இவ்வசதிகள் உண்டா, இல்லையெனில் ஏன் இல்லை என்று எழுதிக் கையொப்பமிட வேண்டிய கட்டாயமே குறைகிறது.

இக்கோரிக்கைக்கு எதிராக மூன்று தடைகள் வழமையாகச் சொல்லப்படுகின்றன. செலவு என்பது முதலாவது. வீதி அமைத்து முடிந்த பின் மீண்டும் தோண்டி, கம்பங்களை நகர்த்தி, கானை உடைத்து நடைபாதை சேர்ப்பதே உண்மையில் பெருஞ்செலவு. நிலம் இல்லை என்பது இரண்டாவது. வீதி ஒதுக்கப் பரப்பு பல இடங்களில் போதுமானதாக இருந்தும் மதில்களாலும் கடைமுகப்புகளாலும் வண்டி நிறுத்தங்களாலும் கவரப்பட்டிருக்கிறது, அதை மீட்க ஊரவரின் ஒத்துழைப்பும் வேண்டும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இந்த வீதியில் நடப்போர் மிகச் சிலரே என்பது மூன்றாவது. நடக்க அஞ்சி முச்சக்கர வண்டிக்குக் காசு கொடுப்பவரும், மகளைச் சைக்கிளில் விடப் பயந்து வகுப்பை நிறுத்திய பெற்றோரும் எந்தக் கணக்கெடுப்பிலும் வருவதில்லை. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வீதிகளில் மீண்டும் தோன்றிய சைக்கிள்களின் தொகை, தேவை மறைந்துபோகவில்லை என்பதற்குப் போதிய சான்று. இவற்றோடு இம்மாவட்டத்துக்கே உரிய ஒன்றும் உண்டு: இரவில் வீதியில் படுக்கும் கட்டாக்காலி மாடுகள். அவற்றை விலக்கித் திரும்பும் வண்டி விளிம்பில் செல்பவர் மீதே ஏறுகிறது. வீதியை மட்டும் திருத்தினால் தீராத இச்சிக்கலில் பிரதேச சபைக்கு நேரான பொறுப்பு இருக்கிறது.

ஊரவர் கையில் இருக்கும் கருவி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். அதன் 9ஆம் பிரிவு, வெளிநாட்டு நிதியில் 100,000 அமெரிக்க டொலருக்கும் உள்நாட்டு நிதியில் 500,000 ரூபாவுக்கும் மேற்பட்ட திட்டங்களின் விபரங்களை, வேலை தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே அமைச்சர் வெளியிட வேண்டும் என்கிறது; எந்தப் பிரசையும் கேட்கும் தகவல் குறித்து, தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவைத் தெரிவிக்க வேண்டும். புல்மோட்டை வீதியில் அடுத்த புனரமைப்பு அறிவிக்கப்படும் நாளில், நிலாவெளியின் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் மீனவர் சங்கங்களும் கோயில், பள்ளிவாசல் நிருவாகங்களும் ஒன்றுகூடி மூன்று ஆவணங்களைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்: வீதியின் குறுக்குவெட்டு வரைபடம், அளவுப் பட்டியல், நிர்மாண காலத்துக்கான தற்காலிகப் போக்குவரத்துத் திட்டம். அவற்றில் வீதியோரமும் நடைபாதையும் மதகு நீட்டமும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. ஒப்பந்தம் கைச்சாத்தான பின் எதையும் சேர்ப்பது கடினமாகையால், அந்த விண்ணப்பம் அதற்கு முன்னரே அனுப்பப்பட வேண்டும்.